மெருகுக்கு மதிப்பெண் போடலாமா? பொறியியல் வகுப்பில் மாணவர் பாட்காஸ்ட்

சென்னையைச் சுற்றியுள்ள பொறியியல் கல்லூரிகளில் அசைன்மென்ட் என்பது நெடுங்காலமாகவே ஒரு சடங்கு. முதல் பக்கத்தில் பெயரும் பதிவெண்ணும், உள்ளே ஒருவர் எழுதியதை வகுப்பே பார்த்து எழுதிய பத்துப் பக்கம், கடைசியில் சிவப்பு மையில் ஆசிரியரின் கையெழுத்து. கட்டு அலமாரிக்குப் போய்விடும். அங்கீகாரக் குழு வருகிற ஆண்டில் தூசி தட்டி வெளியே எடுக்கப்படும். இப்போது பார்த்து எழுதும் வேலைகூட மிச்சமாகிவிட்டது. கேள்வியைச் செயற்கை நுண்ணறிவுச் செயலியில் ஒட்டினால், பதில் உபதலைப்புகளோடு வந்து விழுகிறது. சலித்துப்போன ஆசிரியர்கள் வேறு வழி தேடுகிறார்கள். பாடத்தின் ஒரு பகுதியை மாணவர்களே பேசிப் பதிவுசெய்து, எட்டு அல்லது பத்து நிமிட பாட்காஸ்ட்டாகக் கொண்டுவருவது அந்த வழிகளில் ஒன்று.

நல்ல யோசனைதான். ஆனால் அது பிழைப்பதும் கெடுவதும் மதிப்பெண் எதற்குப் போடுகிறோம் என்பதில் இருக்கிறது. குரல்வளம், பின்னணி இசை, தங்குதடையற்ற பேச்சு என்று மெருகுக்கு மதிப்பெண் போட்டால், படிப்பு கழன்றுபோய்க் கல்லூரி ஆண்டு விழா நிகழ்ச்சி ஒன்று மிஞ்சும்.

தொழில்நுட்பத்தைக் காதுவழியாகச் சொல்வது தமிழர்களுக்குப் புதிதல்ல. சென்னை மாகாண வானொலிக் கழகம் 1924லேயே ஒலிபரப்பைத் தொடங்கிவிட்டது. 1960களில் திருச்சி வானொலி ஆடுதுறை 27 என்ற நெல் ரகத்தைப் பற்றி விடாமல் சொன்னதில், விவசாயிகள் அதற்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். 1794ல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய கிண்டி பொறியியல் கல்லூரி இன்று அண்ணா பல்கலைக்கழகத்தின் ஓர் அங்கம். அந்தப் பல்கலைக்கழகத்தில்தான் 2004 பிப்ரவரி 1 அன்று, இந்தியாவின் முதல் வளாகச் சமுதாய வானொலியான அண்ணா எஃப்.எம். 90.4 மெகாஹெர்ட்ஸில் பேசத் தொடங்கியது. பாட்காஸ்ட் என்ற சொல் பிரிட்டிஷ் நாளிதழ் ஒன்றில் முதன்முதலாக அச்சேறியதும் அதே மாதத்தில்தான்.

அந்த ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகம், புதிதாகச் சேர்ந்த 1,600க்கும் மேற்பட்ட மாணவர்களுக்கு ஆளுக்கொரு ஐபாட் இசைக்கருவியைக் கொடுத்தது. பாட்டுக் கேட்கும் கருவிக்கு வகுப்பில் என்ன வேலை என்று கேலியும் எழுந்தது. ஆண்டு முடிவில் மதிப்பீடு செய்தபோது, மாணவர்கள் படிப்புக்காக மிக அதிகமாகப் பயன்படுத்தியது அதன் ஒலிப்பதிவு வசதியைத்தான் என்று தெரிந்தது. இன்றைக்கு அந்த வசதி எல்லோருடைய கைபேசியிலும் இருக்கிறது. ஒலியை வெட்டி ஒட்ட ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருள்களும் இருக்கின்றன. ஆகவே ஸ்டூடியோ கட்ட வேண்டும், மைக் வாங்க வேண்டும் என்று துறைத்தலைவர் கோப்பைத் தள்ளிப்போட இனி நியாயமில்லை.

கேட்பவருக்கா, பேசுபவருக்கா?

மாணவர் செய்த பாட்காஸ்ட்டால் யாருக்கு லாபம்? கேட்கும் வகுப்புத் தோழர்களுக்கு என்றுதான் முதலில் தோன்றும். அது ஓரளவுக்கு உண்மை. ஓ.எம்.ஆர்., ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துக் கல்லூரிகளுக்கு அதிகாலையிலேயே கல்லூரிப் பஸ் ஏறி, மாலை இருட்டும் நேரத்தில் வீடு திரும்பும் மாணவர்களுக்குக் காது சும்மாதான் இருக்கிறது. ஆனால் நல்ல விளக்கம் கேட்பதே நோக்கமென்றால், என்.பி.டி.இ.எல். என்ற இணையப் பாடத்தளத்தில் ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் பாடங்கள் வேண்டிய மட்டும் கிடைக்கின்றன. மூன்றாம் ஆண்டு மாணவர் அவர்களோடு போட்டியிட வேண்டியதில்லை. லாபம் பேசுபவருக்கு.

ஒரு விஷயம் நமக்குப் புரிந்துவிட்டது என்ற எண்ணம் பல நேரங்களில் நம்மை ஏமாற்றுகிறது. ரோசன்பிளிட், கைல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2002ல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது. ஜிப், ஃபிளஷ் தொட்டி, ஹெலிகாப்டர் போன்றவை எப்படி இயங்குகின்றன என்பது உங்களுக்கு எவ்வளவு தெரியும் என்று கேட்டு, தங்களுக்குத் தாங்களே மதிப்பெண் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். பிறகு படிப்படியாக விளக்கி எழுதச் சொன்னார்கள். எழுதிய பிறகு அதே ஆட்கள் தங்கள் மதிப்பெண்ணைத் தாங்களே குறைத்துக்கொண்டார்கள். வைவா எனப்படும் வாய்மொழித் தேர்வில் வெளித்தேர்வாளர் ‘இது ஏன் இப்படி?’ என்று ஒரே ஒரு கேள்வி கேட்டவுடன் நடப்பதும் இதுதான். என்ன, அங்கே மதிப்பெண்ணைக் குறைப்பவர் வேறு ஆள்.

விளக்குவது மறதியையும் தடுக்கிறது. ஃபியோரெல்லா, மேயர் இருவரும் 2013ல் வெளியிட்ட ஆய்வில் பாடம் டாப்ளர் விளைவு, அதாவது ஒலி எழுப்பும் பொருள் நகரும்போது ஒலியின் சுருதி மாறிக் கேட்பது. பிறருக்குக் கற்பிக்கப்போகிறோம் என்று எண்ணித் தயாரானவர்கள் ஒரு பக்கம். அப்படித் தயாராகி, உண்மையிலேயே கேமராவின் முன் நின்று கற்பித்தவர்கள் மறுபக்கம். நாள் தள்ளி வைத்த தேர்வில் இரண்டாமவர்கள் முந்தினார்கள். எதிரில் மாணவர் யாரும் உட்காரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஒலிப்பதிவுக் கருவியின் முன்னால் பேசுவதும் ஏறக்குறைய இதே நிலைமைதான்.

இங்கேதான் கவனமாக இருக்க வேண்டிய இடம் வருகிறது. 2018ல் சிங்கப்பூர் ஆய்வாளர்கள் இந்தச் சோதனையை மேலும் ஒரு படி கொண்டுபோனார்கள். குறிப்பு எதையும் பார்க்காமல் நினைவிலிருந்து எடுத்துப் பேசிக் கற்பித்தவர்கள் பின்னர் நடந்த தேர்வில் நன்றாகச் செய்தார்கள். எழுதிக் கொடுத்த உரையைக் கையில் வைத்துக்கொண்டு கற்பித்தவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. நினைவைத் துழாவி, சொல்லைத் தேடி, தடுமாறி வெளியே கொண்டுவரும் அந்த உழைப்பில்தான் கல்வி நடக்கிறது.

இதை மதிப்பெண் அட்டவணையோடு வைத்துப் பாருங்கள். ‘தடுமாற்றமில்லாத பேச்சுக்கு ஐந்து மதிப்பெண்’ என்று ஆசிரியர் எழுதிய மறுகணமே, மாணவர் உரையை எழுதி வைத்துக்கொண்டு வாசிப்பார். வாசித்தால் தடுமாற்றம் இருக்காது, கற்றலும் இருக்காது. ஐந்து மதிப்பெண் கொடுத்து நாமே அதை விரட்டிவிடுகிறோம்.

ஒரு சன்ஷேடை வாயால் கட்டுவது

சிவில் மூன்றாம் ஆண்டு. வலுவூட்டிய கான்கிரீட் வடிவமைப்புப் பாடம். நான்கு பேர் கொண்ட ஒரு குழுவுக்குக் கொடுத்த கேள்வி: பீமில் (உத்திரத்தில்) முக்கியக் கம்பி அடிப்பக்கம் வருகிறது, ஜன்னலுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் சன்ஷேடில் மட்டும் ஏன் மேல்பக்கம் வருகிறது?

தேர்வுத்தாளில் இதற்கு இரண்டு வரி போதும். ஒரு படம் வரைந்து, இழுவிசை மண்டலம் எது என்று அம்புக்குறி போட்டால் முழு மதிப்பெண். ஒலியில் அம்புக்குறி இல்லை. முதல் பதிவு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: ‘கேன்டிலீவரில் வளைதிருப்புத்திறன் எதிர்க்குறி பெறுவதால் மேற்பகுதியில் இழுவிசை உண்டாகிறது.’ சொல்வது சரி. கேட்பவருக்கு ஒன்றும் தெரியாது. சொன்னவருக்கும் தெரியுமா என்பது அடுத்த கேள்வியில்தான் வெளிப்படும். எதிர்க்குறி என்றால் என்ன? யார் போட்ட குறி?

அங்கே மாட்டிக்கொண்ட பிறகுதான் குழு யோசிக்கத் தொடங்கும். யாராவது ஒருவர் கையில் அழிப்பான் அகப்படும். நீள அழிப்பானின் இரண்டு முனைகளையும் இரண்டு புத்தகங்களின்மேல் வைத்து நடுவில் அழுத்தினால், அடிப்பக்கம் விரிகிறது. அதே அழிப்பானின் ஒரு முனையை மேசை விளிம்பில் அழுத்திப் பிடித்து, வெளியே நீட்டியிருக்கும் முனையைக் கீழே தள்ளினால், மேல்பக்கம் விரிகிறது. விரிகிற பக்கத்தில்தான் கான்கிரீட்டுக்குக் கம்பி தேவை. அமுக்கத்தைத் தாங்குகிற வலிமையில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் இழுப்பைத் தாங்கும் வலிமை கான்கிரீட்டுக்கு உண்டு. மீதியைக் கம்பி பார்த்துக்கொள்கிறது. கேட்பவர் பஸ்ஸில் உட்கார்ந்தபடியே கற்பனையில் செய்து பார்த்துவிடலாம். படமே தேவையில்லை.

குழு இன்னும் கொஞ்சம் நடந்தால், பக்கத்தில் எங்காவது கட்டட வேலை நடக்கும் இடம் இருக்கும். சென்னையில் அதற்கா பஞ்சம்? அங்கே மேஸ்திரியிடம் அதே கேள்வியைக் கேட்டால், திருப்புத்திறன் என்ற பேச்சே இல்லாமல் பதில் வரும்: கான்கிரீட் போடுமுன் ஆட்கள் மேலே நடமாடிக் கம்பியை மிதித்துவிடுவார்கள், அது அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும், சென்ட்ரிங்கை (கான்கிரீட் இறுகும்வரை தாங்கும் பலகையை) பிரிக்கும்போது சன்ஷேடு சுவர் ஓரத்தில் விரிந்து இறங்கிவிடும். அதனால்தான் கம்பி இறங்காமலிருக்க அடியில் ‘சேர்’ என்ற நாற்காலி போன்ற கம்பித் தாங்கியை வைத்துத் தூக்கிப் பிடிக்கிறார்கள். பாடப்புத்தகத்தின் எதிர்க்குறியும் மேஸ்திரியின் எச்சரிக்கையும் ஒன்றுதான் என்று மாணவர் தம் வாயால் சொல்லும் அந்த அரை நிமிடத்துக்காகவே இந்த வேலை முழுவதையும் செய்யலாம். அந்த அரை நிமிடத்தில் ‘அது வந்து... அதாவது...’ என்று நாலு தடவை இழுத்திருந்தால் என்ன கெட்டுப்போயிற்று? வெட்டி எறியவே வேண்டாம் என்பேன்.

(மேஸ்திரியின் குரலைப் பதிவுசெய்யுமுன் அவருடைய சம்மதத்தையும், அதை யார் யார் கேட்பார்கள் என்ற தகவலையும் முறையாகப் பேசிக்கொள்ள வேண்டும். இதற்குத் தனியாக வகுப்பு எடுத்தாலும் தகும்.)

எலெக்ட்ரானிக்ஸ் துறைக்கு இன்னொரு வசதி உண்டு. அவர்களுக்கு பாட்காஸ்ட்டே பாடம். பழைய தொலைபேசி இணைப்பு சுமார் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியைத்தான் கடத்தும். ஒலியலையை விநாடிக்கு 8,000 முறை அளந்தால், அதாவது 8,000 மாதிரிகள் எடுத்தால், அதற்குப் போதும். ஆனால் ‘ஸ’ போன்ற உரசொலியின் ஆற்றலில் பெரும்பகுதி 4,000 ஹெர்ட்ஸுக்கு மேலேதான் இருக்கிறது. அதனால்தான் தொலைபேசியில் பெயரைச் சொல்லும்போது ‘எஸ்’ஸா ‘எஃப்’பா என்று இரண்டு தடவை கேட்க வேண்டியிருந்தது. இசைக் குறுந்தகட்டுக்கு (சி.டி.) 44,100 மாதிரிகள் எடுப்பது ஏன், மனிதக் காதின் 20,000 ஹெர்ட்ஸ் எல்லைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று நைக்விஸ்ட் விதியை (மாதிரிகளின் எண்ணிக்கை, பதிவாக வேண்டிய உச்ச அதிர்வெண்ணைப்போல் இரு மடங்குக்கு மேல் இருக்க வேண்டும் என்பது) கரும்பலகையில் நிரூபிப்பது ஒரு வழி. தன் குரலையே 8,000 மாதிரிகளுக்கு இறக்கி, ‘ஸ’ எல்லாம் மழுங்கிப்போவதைக் கேட்பது இன்னொரு வழி. மறப்பது கடினம்.

சென்னையில் பதிவுசெய்வதன் தொல்லையும் இதே பாடத்தில் சேரும். விடுதி அறையில் மின்விசிறியை நிறுத்தினால் ஏப்ரலில் சட்டை நனைந்துவிடும். ஓடவிட்டால் குரலுக்கு அடியில் காற்றிரைச்சல் ஓடும். பல்லாவரம், குரோம்பேட்டை பக்கம் என்றால் ஒரு பத்தி பேசி முடிப்பதற்குள் விமானம் குறுக்கிடும், அது போனதும் மின்சார ரயில். வெறும் சுவரும் மொசைக் தரையுமாக இருக்கும் வகுப்பறையில் எதிரொலி அடங்கவே நேரமாகும். துணி நிறைந்த அலமாரியைத் திறந்து வைத்து, அதன் முன்னால் போர்வையைத் தலைக்கு மேல் போர்த்திக்கொண்டு பேசினால் குரல் தெளிவாக விழும். மின்கம்பி வழியாக நுழையும் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரத்தை எந்த வடிகட்டியால் நீக்குவது என்பது ஆய்வகத்தில் ஒரு பிற்பகல் வேலை. இந்தத் துறையில் மட்டும் ஒலியின் தரத்துக்குத் தாராளமாக மதிப்பெண் போடலாம். அங்கே அதுதான் பாடப்பொருள்.

எந்த மொழியில்?

அண்ணா பல்கலைக்கழகம் 2010ல் சிவில், மெக்கானிகல் பிரிவுகளைத் தமிழ்வழியில் கொண்டுவந்தது. 2021ல் வந்த சட்டத்தின்படி பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத இடம் ஒதுக்கப்படுகிறது. வகுப்பில் தமிழில் யோசிப்பவர்கள் கணிசமாக இருக்கிறார்கள். ஆனால் தேர்வுத்தாள் பெரும்பாலும் ஆங்கிலத்தில். இந்த இடைவெளியில் மனப்பாடம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஆங்கில வாக்கியத்தை அப்படியே ஒப்பிக்கலாம், பொருள் தெரியாமலே. தமிழில் விளக்கச் சொல்லிவிட்டால் ஒப்பிக்க வாக்கியமே கிடையாது. சொந்தமாக உண்டாக்க வேண்டும்.

‘வேலைக்கு ஆங்கிலம் வேண்டாமா?’ என்று பெற்றோர் கேட்பார்கள். வேண்டும்தான். அதற்குத் தனியாக ஆங்கிலத் தாள்கள் முதலாண்டிலேயே இருக்கின்றன. முதல் பதிவு தமிழில், புரிதல் உறுதியான பிறகு இரண்டாவது பதிவு ஆங்கிலத்தில் என்று வைத்தால் இரண்டும் நடக்கும். பீம், ஸ்லாப், சர்க்யூட் போன்ற சொற்களைத் தமிழ்ப் பேச்சில் அப்படியே புழங்கவிடுவதில் தவறில்லை. கலைச்சொல் தெரியவில்லை என்பதற்காக ஒரு மாணவர் வாயை மூடிக்கொள்வதுதான் நஷ்டம்.

மொழியைத் திறந்துவிடாத வகுப்பில் நடப்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். நால்வரில் கான்வென்ட் ஆங்கிலம் பேசுபவர் மைக்கைப் பிடித்துக்கொள்வார்; மற்ற மூவரில் ஒருவர் எடிட்டிங், ஒருவர் முகப்புப் படம், ஒருவர் தேநீர். கற்பவர் ஒரே ஆள். நால்வரும் பேசியாக வேண்டும், யார் எந்தப் பகுதியைப் பேசுவது என்பதைப் பதிவு நாளன்று சீட்டுக் குலுக்கி முடிவுசெய்வோம் என்று அறிவித்துவிட்டால், நால்வரும் முழுவதையும் படித்துக்கொண்டு வருவார்கள்.

நடைமுறைக் கணக்கு

அறுபது பேர் கொண்ட வகுப்பில் ஆளுக்குப் பத்து நிமிடம் என்றால் ஆசிரியர் பத்து மணி நேரம் கேட்க வேண்டும். யாராலும் முடியாது, முடியாதபோது கேட்காமலே மதிப்பெண் போடுவார்கள், பழைய தாள்கட்டின் கதைதான். நால்வர் குழு, எட்டு நிமிடம் என்று வைத்தால் பதினைந்து குழுக்களுக்கு இரண்டு மணி நேரம். இது தாங்கக்கூடியது. இடமும் இருக்கிறது: அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறையில் எழுத்துத் தாள்களின் நூற்றுக்கு நாற்பது அகமதிப்பீடு. அதற்குள் அசைன்மென்ட், செமினார், சிறு புராஜெக்ட் போன்றவற்றுக்கென்று ஒரு பங்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. புதிய விதி எதுவும் தேவையில்லை.

நிர்வாகத்துக்கு இதில் வேறோர் ஆசையும் உண்டு. பொறியியல் பட்டப்படிப்புகளின் அங்கீகாரத்தை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்கும் வாஷிங்டன் உடன்படிக்கையில் 2014ல் இந்தியா முழு உறுப்பினரான பிறகு, அங்கீகாரம் கேட்கும் கல்லூரிகள் பட்டதாரிப் பண்புகளை எப்படி வளர்க்கிறோம் என்று அட்டவணை போட்டுக் காட்ட வேண்டியிருக்கிறது. நீண்டகாலம் புழங்கிய பன்னிரண்டு பண்புகளின் பட்டியலில் பத்தாவது, தகவல்தொடர்பு. பாட்காஸ்ட் அந்தக் கட்டத்தை அழகாக நிரப்பிவிடும். நிரப்பட்டும். ஆனால் அந்தப் பத்தாவது பண்பு, சக பொறியாளர்களோடும் சமூகத்தோடும் பேசத் தெரிய வேண்டும் என்கிறது. கல்லூரி முதல்வரின் வாழ்த்துரையோடு தொடங்கி நன்றியுரையோடு முடியும் பதிவு இரண்டு பேரோடும் பேசுவதில்லை.

இனி இயந்திரம். 2024 செப்டம்பரில் கூகுளின் நோட்புக்எல்எம் என்ற செயற்கை நுண்ணறிவுச் செயலி, கொடுத்த பாடத்தை இரண்டு பேர் உரையாடுவதுபோல் ஒலியாக்கித் தரும் வசதியை வெளியிட்டது. முதலில் ஆங்கிலத்தில் மட்டும் இருந்த அது, அடுத்த ஆண்டு தமிழ் உட்படப் பல மொழிகளுக்கு வந்துவிட்டது. மூச்சு வாங்கும், சிரிக்கும், இடையில் ‘ஆமாம்’ போடும். மெருகு இன்று இலவசம். மெருகுக்கு மதிப்பெண் போடும் ஆசிரியர் இனி அந்த மென்பொருளுக்குத்தான் முதலிடம் கொடுக்க வேண்டியிருக்கும்.

அப்படியானால் மதிப்பெண் எதற்கு? மூன்று இடங்களைச் சொல்வேன். முதல் பதிவுக்கும் கடைசிப் பதிவுக்கும் இடையில் விளக்கம் எங்கே மாறியது, ஏன் மாறியது என்று ஒரு பக்கத்தில் எழுதித் தருவது. வகுப்பில் பதிவை ஓடவிட்டு நடுவில் நிறுத்தி, குழுவில் யாரையாவது எழுப்பி ‘இதற்கு அடுத்து என்ன வரும், ஏன்?’ என்று கேட்பது. கேட்ட மாணவர்கள் எழுப்பும் கேள்விக்குக் குழு சொல்லும் பதில். பெரும்பங்கு இரண்டாவதற்குப் போக வேண்டும். இயந்திரம் செய்து கொடுத்த பதிவென்றால் அந்த நிறுத்தத்தில் சாயம் வெளுத்துவிடும். பதிவோடு எழுத்து வடிவத்தையும் தருவது கட்டாயம்; காது கேளாத மாணவருக்கு அதுதான் வழி. பேசி முடித்த பிறகு தயாரிக்கும் எழுத்து வடிவம் அது. முன்கூட்டியே எழுதி வாசிக்கும் உரையோடு அதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

எல்லாப் பாடத்துக்கும் இது பொருந்தாது. தகைவுகளை வரைந்து கணக்கிடும் மோர் (Mohr) வட்டம், தெர்மோடைனமிக்ஸ் வரைபடங்கள், நீண்ட சமன்பாட்டு நிரூபணங்கள் எல்லாம் கண்ணுக்கு உரியவை. அவற்றை ஒலியில் சொல்லவைப்பது வதை. ‘ஏன்’ என்று தொடங்கும் கேள்விகளும், ஏதோ ஒன்று கெட்டுப்போன கதைகளும் நன்றாக எடுபடும். 2019 கோடையில் சென்னை ஏரிகள் வறண்டபோது ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. 50 வேகன்கள், வேகனுக்கு 50,000 லிட்டர், ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர். மீஞ்சூர் கடல்நீர் சுத்திகரிப்பு ஆலையின் திறன் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர், அதாவது நாற்பது ரயில். அப்படியிருந்தும் ரயிலை ஏன் ஓட்ட வேண்டிவந்தது? எட்டு நிமிடத்துக்கு இது ஏராளம்.

எட்டு நிமிடப் பேச்சை ஒற்றைத்தட (மோனோ) ஒலியாக விநாடிக்கு 64 கிலோபிட் வேகத்தில் சேமித்தால் நான்கு மெகாபைட்டுக்கும் குறைவு. பதினைந்து குழுக்களின் பதிவுகளும் சேர்ந்து 60 மெகாபைட்டைத் தொடாது. ஆகவே எதையும் அழிக்க வேண்டாம், முதல் பதிவுகளையும் சேர்த்தே வைத்துக்கொள்ளலாம். பெயரை நீக்கிவிட்டு, பேசியவர்களின் சம்மதத்தோடு, அந்த முதல் பதிவுகளை அடுத்த ஆண்டு மாணவர்களிடம் கொடுத்து ‘இதில் எங்கே விளக்கம் நழுவுகிறது, கண்டுபிடியுங்கள்’ என்று கேட்டால், அவர்களுக்கு முதல் வார வேலை தயார்.